வீட்டில் இருப்பதை வைத்துச் சமையல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்ஜைத் திறந்து, கண்ணில் படுகிற அத்தனை பெயரையும் போனில் தட்டித் தேடுவதுதான் அநேகர் விடும் முதல் பிழை. கோவா, கரட், போஞ்சி, முட்டை, பருப்பு, டின் மீன் என்று ஆறையும் கொடுத்தால் ஆறும் சேர்ந்த நல்ல கறி வராது. கடைக்குப் போய் இன்னும் நாலு சாமான் வாங்கச் சொல்லும் செய்முறையில்தான் போய் நிற்போம். சூப்பர்குக் போன்ற தளங்களில் வீட்டிலுள்ள பொருட்களைக் குறித்தால், அவற்றுக்குப் பொருந்தும் செய்முறைகளைக் காட்டும். நல்ல வசதிதான். ஆனால் பயற்றங்காய் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும், டின் மீன் மாதக்கணக்கில் இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

கொழும்பு வெக்கையில் பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் போன்ற கீரைகள் வாங்கிய அன்று, மிஞ்சினால் மறுநாள் சட்டிக்குப் போய்விட வேண்டும். வெண்டிக்காயும் பயற்றங்காயும் பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெட்டிய பூசணியும் அப்படித்தான். அதன் விதைப் பகுதியை வழித்தெடுக்காமல் வைத்தால் அங்கிருந்துதான் அழுகத் தொடங்கும். கரட், கோவா ஒரு கிழமைக்கு மேலும் கிடக்கும். பருப்பு, சோயா மீற், டின் மீன் எல்லாம் காத்திருக்கும். ஆகவே எது முந்திப் பழுதாகுமோ அதை முதலில் எழுதுங்கள், துணைக்கு ஒன்றை மட்டும் சேருங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய் எந்த வீட்டிலும் இருப்பவை. அவற்றைத் தட்டுவதால் முடிவுகள் குழம்புவதைத் தவிர வேறு பலன் இல்லை.

பொருளின் பெயரோடு நிறுத்துவது

பொருளைவிடச் சமைக்கும் முறைதான் முக்கியம். வறை, பால்கறி, பிரட்டல், குழம்பு, சொதி, சம்பல் என்று நம் சமையலில் சில முறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கையில் இருப்பது எந்த முறைக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிட்டால் பாதி நாட்களில் தேடவே தேவையில்லை.

பால்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். 250 கிராம் மரக்கறிக்குச் சிறிய வெங்காயம் ஒன்று, இரண்டு பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கோப்பை இரண்டாம் பால், அரைக் கோப்பை முதற்பால், கறிவேப்பிலை, ரம்பை. மரக்கறியை இரண்டாம் பாலில் அவித்து, வெந்தபின் முதற்பாலை ஊற்றி, ஒரு கொதி எழும்பும் நேரத்தில் இறக்க வேண்டும். உருளைக்கிழங்கு, பூசணி, பீற்றூட், போஞ்சி, ஈரப்பலா எதுவானாலும் இந்த அளவுதான். மாறுவது நேரம் மட்டும். உருளைக்கிழங்குக்கு 15 முதல் 20 நிமிடம், போஞ்சிக்கு 8 முதல் 10. இரண்டையும் ஒன்றாகப் போட வேண்டுமென்றால் கிழங்கு பாதி வெந்தபின் போஞ்சியைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுவதால்தான் 'மிஞ்சிய மரக்கறிக் கறி' என்றாலே ஒன்று கரைந்தும் ஒன்று கடித்தும் வருகிறது.

வறையில் தண்ணீர்தான் எதிரி. கழுவிய கீரையை வடியவிட்டு, நறுக்கி, 200 கிராம் கீரைக்கு அரைக் கோப்பை தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மஞ்சளும் உப்பும் பிசறி, மூடாமல் மூன்று நான்கு நிமிடம் கிளறினால் போதும். மூடினால் ஆவி இறங்கிக் கீரை நிறம் கெட்டு நீர் விடும். தேசிக்காய்ப் புளியை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள்.

செய்முறை எந்த ஊருக்கு எழுதியது என்று பாராதது

இணையத்தில் கிடைக்கும் தமிழ்ச் செய்முறைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. கோவா என்று தேடினால் பால்கோவா வந்து நிற்கும். முட்டைக்கோஸ் என்றும், போஞ்சிக்கு பீன்ஸ் என்றும், தேசிக்காய்க்கு எலுமிச்சை என்றும் எழுதித் தேட வேண்டும். சிங்களச் சமையல் காணொளிகளும் நம் குசினிக்கு நன்றாகப் பொருந்தும். பொன்னாங்காணிக்கு முக்குனுவென்ன, வல்லாரைக்கு கொட்டுகொல, வறைக்கு மல்லும் என்று தேடினால் போதும்.

பெயரைத் திருத்துவது சுலபம். சேதம் வருவது பருப்பிலும் தூளிலும்தான். தமிழ்நாட்டுச் செய்முறையில் சும்மா 'பருப்பு' என்று இருந்தால் அநேகமாகத் துவரம்பருப்பு. குக்கரில் மூன்று நான்கு விசில் கேட்கும். நம் வீடுகளில் இருப்பது மைசூர்ப் பருப்பு. அதைக் குக்கரில் அப்படி வைத்தால் கஞ்சியாகிவிடும். ஒரு கோப்பை மைசூர்ப் பருப்புக்கு இரண்டரைக் கோப்பை தண்ணீர், திறந்த சட்டியில் 15 முதல் 20 நிமிடம். உப்பைப் பருப்பு வெந்தபின் போடுங்கள்.

தூள் விஷயம் இன்னும் கடினம். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மிளகாய்தான் முதற்பொருள், வறுத்து அரைத்தது. கடையில் கறித்தூள் என்று பைக்கற்றில் விற்பதில் பலவேளை மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும்தான் இருக்கும், மிளகாய் இருக்காது. 'இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள்' என்ற வரியை வாசித்துவிட்டு யாழ்ப்பாணத் தூளை அள்ளிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. இதற்கு ஒரு சோதனை உண்டு. செய்முறையில் மிளகாய்த்தூளும் தனியாகச் சொல்லப்பட்டிருந்தால், அந்தக் கறித்தூள் அநேகமாக மிளகாயில்லாதது. யாழ்ப்பாணத் தூள்தான் கையில் இருக்கிறதென்றால் அந்த மிளகாய்த்தூளை முற்றாக விட்டுவிட்டு, 250 கிராம் மரக்கறிக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். காணாவிட்டால் கூட்டலாம்.

இல்லாததற்குப் பதிலாக எதையும் போடுவது

ஒரு பொருள் இல்லையென்றால், அது அந்தக் கறியில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். பழப்புளியும் தேசிக்காயும் இரண்டும் புளிதான். ஆனால் பழப்புளி குழம்போடு கொதித்து இறங்குவது. தேசிக்காய் கொதித்தால் கைக்கும். பழப்புளிக்குப் பதில் தேசிக்காய் விடுவதானால் ஒரு மேசைக்கரண்டிச் சாற்றைக் கடைசியில் சேருங்கள். மீன் குழம்பு கொதிக்கும்போதே புளி வேண்டுமென்றால் தக்காளியோ கொறுக்காயோ பொருத்தம்.

தேங்காய் விலை ஏறுகிற நாட்களில் பசும்பாலோ பால்மாவோ ஊற்றிச் சமைக்கிறவர்கள் உண்டு. உருளைக்கிழங்குக் கறிக்கு அது சரிவரும்: ஒரு மேசைக்கரண்டி பால்மாவை அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, தீயைக் குறைத்துக் கடைசியில் விட வேண்டும். பழப்புளியோ கொறுக்காயோ போட்ட குழம்பில் விட்டால் திரைந்து போகும். அங்கே பாலே இல்லாமல் சமைப்பது மேல்.

கருவாடும் மாசியும் வேறு பொருளுக்குப் பதிலாக வரும்போது உப்பும் கூடவே வருகிறது. நெத்தலிக் கருவாட்டை 15 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, கறி இறக்கும் நேரத்தில் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். டின் மீனுக்கும் அதே கதை. அது ஏற்கெனவே வெந்தது. பச்சை மீன் செய்முறையைப் பார்த்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் துண்டு உடைந்து கூழாகும். குழம்பு தடித்தபின் போட்டு ஐந்து நிமிடம் போதும். டின்னில் 425 கிராம் என்று இருந்தாலும் அது சாறோடு சேர்ந்த எடை. வடித்த எடை டின்னிலேயே தனியாக அச்சிட்டிருக்கும். தூளையும் புளியையும் அதற்குத்தான் கணக்கிட வேண்டும்.

கோதுமை மாவில் பிட்டு தேடுகிறவர்கள் கவனிக்க: பச்சை மாவில் நீர் தெளித்துக் குழைத்தால் பசையாகி ஒட்டும். துணியில் கட்டி அரைமணி நேரம் அவித்து, சூட்டோடு உடைத்து அரித்த மாவுதான் உதிரும். அவிக்க நேரமில்லையென்றால் அதே மாவை ரொட்டியாக்கி விடுங்கள். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தேங்காய்ப்பூ.

மிஞ்சியதை எல்லாம் பயன்படுத்தலாம் என்று நினைப்பது

இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரவு மேசையில் கிடந்த சோற்றைக் காலையில் பிரைட் ரைஸ் ஆக்கலாம் என்று எந்தச் செய்முறையும் சொல்லும்; சோறு எங்கே கிடந்தது என்று கேட்காது. அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் சோறு வேகும் சூட்டிலும் தப்பிவிடும். அறை வெப்பத்தில் கிடக்கும்போது அவை முளைத்து, பக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் போகாது. வடித்து இரண்டு மணி நேரத்துக்குள், பரந்த பாத்திரத்தில் ஆறவிட்டுப் பிரிட்ஜில் வைத்த சோற்றை மட்டும் மறுநாள் எடுங்கள். குளிர்ந்த சோறு உதிரியாகவும் இருக்கும், வறுப்பதற்கு அதுவே வாசி.

மரவள்ளிக் கிழங்கு வீட்டில் இருக்கிறதென்று சொன்னால் ஏதாவதொரு ஆப் அதை உருளைக்கிழங்கு மாதிரி நினைத்து இஞ்சி உள்ளிப் பசையோடு பிரட்டச் சொல்லும். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதது நம்மிடம் உள்ள வழக்கம். கிழங்கில் சயனைட்டை வெளிவிடும் பொருட்கள் இருப்பதால், தோலைத் தடிப்பாகச் சீவி, சின்னத் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும். நீலக்கோடு ஓடிய கிழங்கைக் குப்பையில் போடுங்கள். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கும் அப்படியே.

சாட்ஜிபிடியிடம் கேட்கிறவர்கள் 'கத்தரிக்காய் இருக்கிறது, என்ன சமைக்கலாம்' என்று நிறுத்தாமல் இப்படி எழுதிப் பாருங்கள்: 'கத்தரிக்காய் 300 கிராம், இன்றே முடிக்க வேண்டும். மிளகாய் சேர்ந்த யாழ்ப்பாணக் கறித்தூள், அரைமூடித் தேங்காய், பழப்புளி இருக்கிறது. தக்காளி இல்லை. ஒரு அடுப்பு, 30 நிமிடம், மூன்று பேருக்குச் சோற்றோடு. இலங்கை முறைக் குழம்பு.' வருகிற பதிலில் மூன்று இடங்களைச் சரிபாருங்கள்: மிளகாய்த்தூளை மறுபடி சேர்த்திருக்கிறதா, முதற்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிடச் சொல்கிறதா, இல்லை என்று சொன்ன தக்காளி எங்காவது ஒரு வரியில் திரும்பவும் வந்திருக்கிறதா.