ஜாங்கோவில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் என்னிடம் ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃப்ரேம்வொர்க்) பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலையாக ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு ஆர்டர் பக்கம் எழுதக் கொடுப்பேன். ஆரம்பத்தில் நான் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லை ஒட்டுப்போட்டு எழுதாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

லூப்புக்குள் ஒளிந்திருக்கும் குவெரி

ஆர்டர்களை எடுத்து, டெம்ப்ளேட்டில் லூப் போட்டு, ‘ஆர்டர்.கஸ்டமர்.நேம்’ என்று எழுதுகிறார்கள். ஒரே வரிதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது டேட்டாபேஸுக்குத் தனியாக ஒரு கேள்வியோடு, அதாவது குவெரியோடு, போய் வருகிறது. ஆர்டர் பட்டியலுக்கு ஒன்று, அப்புறம் ஆர்டருக்கு ஒன்று: 200 ஆர்டருக்கு 201 குவெரி! ஒரு நடைக்கு 5 மில்லிசெகண்ட் என்றாலும் ஒரு செகண்ட் அதிலேயே போச்சு. லேப்டாப்பில் நாலைந்து டெஸ்ட் ஆர்டரோடு ஓட்டிப் பார்க்கும்போது இது கண்ணில் படாது.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்து நடப்பதில்தான். பக்கம் திணறியதும் பட்டறைக்காரரிடம் போய், “அண்ணே, சர்வர் பத்தலை, பெரிசா மாத்தணும்” என்கிறார்கள். அவரும் நம்பி மாசாமாசம் கூடுதல் வாடகை கட்டுகிறார். குவெரி அதே 201. வெயிலில் கல் காயவைத்துச் சம்பாதித்த காசு அது. குவெரியை எண்ணிப் பார்க்காமல் அவரிடம் பணம் கேட்கக் கூடாது. ஜாங்கோ டீபக் டூல்பாரைப் போட்டால் எண்ணிக்கை பக்கத்திலேயே தெரியும்.

கஸ்டமர் மாதிரி ஃபாரின் கீ (ஒரு ஆர்டரிலிருந்து வேறு டேபிளின் ஒரே ஒரு வரிக்குப் போகும் இணைப்பு) என்றால் ‘செலக்ட்_ரிலேட்டட்’. இரண்டு டேபிளையும் சேர்த்து, அதாவது ஜாயின் போட்டு, ஒரே குவெரியில் வந்துவிடும். ஒரு ஆர்டருக்குள் நடுக்கல், பார்டர் கல் என்று பல வரிகள் இருந்தால் ‘ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட்’. அதற்கு இன்னொரு குவெரி. ஆக இரண்டு.

சரி, அப்புறமும் ஒரு குழி இருக்கிறது. ப்ரீஃபெட்ச் போட்டுவிட்டு, லூப்புக்குள் பார்டர் கல்லை மட்டும் எடுக்க ‘ஃபில்டர்’ போடுகிறார்கள். எடுத்து வைத்ததை ஜாங்கோ தொடாது; ஒவ்வொரு ஆர்டருக்கும் புதுக் குவெரி கிளம்பும். அந்த ஃபில்டரை ‘ப்ரீஃபெட்ச்’ ஆப்ஜெக்டுக்குள் கொடுங்கள், இல்லையென்றால் பைத்தானில் இஃப் போட்டுப் பிரியுங்கள்.

இருப்புக் கழித்தல்

ஆர்டர் வந்ததும் கல் இருப்பைக் குறைக்க, ‘எஃப்’ எக்ஸ்பிரஷன் போட்டு டேட்டாபேஸிலேயே கழியுங்கள். பைத்தானில் கழித்து சேவ் செய்தால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு ஆர்டரில் ஒன்றின் கழிவு காணாமல் போகும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

‘லென்’ வேண்டாம், அது எல்லா வரியையும் இழுத்து வந்து எண்ணும்; டேட்டாபேஸிலேயே எண்ணும் ‘கவுண்ட்’ போடுங்கள்.

டெஸ்ட்

‘அசெர்ட்நம்குவெரீஸ்’ போட்டு, இந்தப் பக்கத்துக்கு இரண்டு குவெரிதான் என்று எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது டெம்ப்ளேட்டில் ‘ஆர்டர்.கஸ்டமர்’ மாதிரி இன்னொரு புள்ளி சேர்த்து மூன்றாவது குவெரியைக் கிளப்பினாலும், பட்டறைக்குப் போகுமுன் டெஸ்ட்டிலேயே மாட்டிவிடும்.