குட்டிப் பிளேனில் கார் இல்லாத தீவுக்கு: எங்கள் ஆட்கள் விடுகிற பிழைகள்

முல்லைத்தீவு விசுவமடுவில் இருந்துகொண்டு அமெரிக்காவில் பிளேனில் சுற்றுவதைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், வருசத்துக்கு ஒரு தாய் தகப்பனாவது விசிட் விசாவில் போய் வருகிறார்கள், அந்தப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் கிளப்பில் சேர்ந்து குட்டிப் பிளேன் ஓடவும் பழகிவிட்டார்கள். போன ஆடியில் நானும் மனுசியும் மிச்சிகனில் அக்கா வீட்டில் நின்றபோது மருமகன் எங்கள் மூன்று பேரையும் மாக்கினோ தீவுக்கு ஒரு நாள் பயணமாகக் கொண்டுபோனான். விடக்கூடிய பிழை எல்லாவற்றையும் நாங்கள் விட்டுவிட்டோம், அதனால் அடுத்ததாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இடம். ஹியூரன் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கிற நீரிணைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தீவு. ஆங்கில எழுத்தில் கடைசியில் ஒரு 'க்' இருக்கும், வாயில் வராது, மாக்கினாக் என்று கேட்டால் அங்குள்ளவர்கள் மெல்லச் சிரிப்பார்கள். 1898 இல் கார்ச் சத்தத்துக்குக் குதிரைகள் மிரளுகின்றன என்று ஊர்ச்சபை மோட்டார் வாகனத்தைத் தடை செய்தது, அந்தத் தடை இன்றைக்கும் இருக்கிறது. அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வாகனங்களும் குளிர்காலத்தில் பனியில் ஓடுகிற வண்டிகளும்தான் முக்கியமான விதிவிலக்கு. வருசம் முழுக்க இருக்கிற சனம் 500 பேர் அளவு, கோடையில் குதிரைகளும் ஏறக்குறைய அதே கணக்கு. பெயரில் தீவு இருந்தும் தீவாக இல்லாத முல்லைத்தீவில் இருந்து போன எங்களுக்கு, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த உண்மையான தீவு என்பதே ஒரு புதினம்தான்.

குட்டிப் பிளேனை பஸ் மாதிரி நினைப்பதுதான் பெரிய பிழை, மற்றப் பிழைகள் பாதி அதில் இருந்துதான் வருகின்றன. பஸ்ஸில் கதிரை இருந்தால் ஏறலாம், கதிரை இல்லாவிட்டாலும் ஏறலாம். குட்டிப் பிளேனில் நாலு கதிரை இருக்கிறது என்பதற்காக நாலு பேரும் ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. மருமகன் ஓடுவது செஸ்னா 172 எஸ். ஆள், சாமான், எண்ணெய், பிளேன் எல்லாம் சேர்த்துப் புறப்படும்போது 1157 கிலோவைத் தாண்டக்கூடாது. வெறும் பிளேனே 740, 750 கிலோ வரும். மிச்சம் 410 கிலோ என்று வையுங்கள். இரண்டு தாங்கியையும் நிரப்பினால் எண்ணெய்க்கு மட்டும் 144 கிலோ போய்விடும், ஆட்களுக்கும் பைகளுக்கும் 265 கிலோ அளவுதான் மிஞ்சும். நாங்கள் நாலு பேரும் 310 கிலோவுக்கு மேல்!

அதனால்தான் ஓடுகிற பிள்ளை முதல் நாளே எல்லாருடைய நிறையையும் கேட்கும். இங்கேதான் எங்கள் ஆட்கள் வெட்கப்பட்டுப் பொய் சொல்வது. அக்கா "எழுபது இருக்கும்" என்றார். மருமகன் ஒன்றும் பேசாமல் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தான், எண்பத்து நாலு காட்டியது. அதுவும் வெறும் ஆள், அதற்குப் பிறகு வருகிற கைப்பையும் தண்ணிப் போத்தலும் பருத்தித்துறை வடைப் பெட்டியும் தனி. தராசில் உடுப்போடும் சப்பாத்தோடும் பையோடும் ஏறுங்கள். அப்புறம் எந்தக் கதிரையில் இருக்கச் சொல்கிறானோ அதில் இருங்கள், மாறி இருக்க வேண்டாம். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டியில் நெல் மூட்டையைப் பின்பக்கம் அடுக்கினால் முன்பக்கம் தூக்குமே, அதே கதைதான், ஆனால் இங்கே அது ஆகாயத்தில் நடக்கும்.

நிறை கூடினால் எண்ணெயைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைத்தால் வழியில் எங்கேயாவது நிரப்ப வேண்டும், மாக்கினோ தீவிலோ பிளேனுக்கு எண்ணெய் கிடையாது. டிற்றோயிற் பக்கத்தில் இருந்து அங்கே 370 கிலோமீற்றர் அளவு, இரண்டு மணி நேரம். நாலு பேரோடு, திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கொண்டுபோகிற அளவுக்கு எண்ணெய் ஏற்ற ஏலாது. அதனால் தீவுக்குத் தெற்கே 35 கிலோமீற்றர் தள்ளி, பெல்ஸ்ரன் விமான நிலையத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனோம். "ஏன் தம்பி நேரே போகாமல் இறங்குகிறாய், நேரம் போகுதெல்லோ" என்று அக்கா பின்னுக்கு இருந்து மூன்று தரம் கேட்டார். அவன் காரணம் சொன்னால் அக்காவின் எண்பத்து நாலையும் சொல்ல வேண்டி வரும் என்று பேசாமல் இருந்துவிட்டான், நல்ல பிள்ளை.

அடுத்தது, நேரத்துக்கு வாக்குக் கொடுப்பது. சனிக்கிழமை போய் வருகிறோம், ஞாயிறு ரொறன்ரோவில் இருந்து வரும் சித்தி வீட்டாருக்குச் சாப்பாடு, திங்கள் கொழும்புக்குப் பிளேன் என்று அடுக்கிவைத்தால் நீங்கள் உங்களை அறியாமலே ஓடுகிறவனின் கழுத்தில் கயிறு போடுகிறீர்கள். மருமகன் மாதிரிக் கண்ணால் பார்த்து ஓடுகிற அனுமதி மட்டும் உள்ளவர்களுக்கு முன்னால் 5 கிலோமீற்றராவது தெளிவாகத் தெரிய வேண்டும், முகிலுக்குள் போகவும் கூடாது. அந்த ஏரிகளின் தண்ணீர் கோடை தொடங்கியும் கனநாள் குளிராகவே கிடக்கும். சூடான ஈரக் காற்று அதன் மேல் வந்து படிந்தால் பனிப்புகார் கிளம்பிவிடும், டிற்றோயிற்றில் வெயில் எறிக்க நீரிணையில் ஒன்றும் தெரியாது. முதல் சனிக்கிழமை நாங்கள் விடிய நாலு மணிக்கு எழும்பிக் குளித்து உடுத்து நிற்க அவன் போனைப் பார்த்துவிட்டு "இண்டைக்கு இல்லை மாமா" என்றான். நான் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல வெளிச்சமாய்த்தானே கிடக்கு" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் ஓட்டுகிற தண்டயல் வாடைக் காற்றைப் பார்த்து வள்ளம் இறக்கேல்லை என்றால் நாங்கள் மறுபேச்சுப் பேசுவோமா? அப்படியொரு தண்டயலாக அந்தப் பெடியனையும் நினையுங்கள். நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளையாக இருக்கலாம், பிளேன் விசயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். பயணத்துக்கு அடுத்த நாள் ஒன்றும் வைக்காதீர்கள், ஊருக்குத் திரும்புகிற வாரத்தில் போகவே வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று, யாரும் சொல்லித் தராதது. எங்கள் ஊரில் 2009 இல் சண்டை முடியும் வரைக்கும் பிளேன் இரைச்சல் கேட்டால் மேலே பார்க்கிற பழக்கம் இருக்கவில்லை, பங்கரைத்தான் பார்த்தோம். குண்டு போடுகிற கிபிர் சத்தம் ஒரு மாதிரி, வேவு பார்க்கிற ஆளில்லா வண்டுச் சத்தம் இன்னொரு மாதிரி. பெரிய பிளேனில் கட்டுநாயக்காவில் இருந்து போகும்போது மனுசிக்கு ஒன்றும் தெரியவில்லை, படம் பார்த்துக்கொண்டு வந்தாள். குட்டிப் பிளேன் ஓடுபாதைக்குப் பக்கத்தில் நின்று, புறப்படுமுன் எஞ்சினைச் சோதிக்க இரைய வைத்தபோது உடம்பெல்லாம் அதிர்ந்தது, அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. மருமகன் ஆறு வயதில் வெளிக்கிட்ட பிள்ளை, அவனுக்கு இது விளங்கவில்லை, நாங்களும் முன்னுக்கே சொல்லவில்லை. அதுதான் பிழை. சொன்ன பிறகு அவன் எஞ்சினைக் குறைத்து, எந்தச் சத்தம் எப்போது வரும், எதற்காக வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் ஓடத் தொடங்கினான். இறங்கும்போது சில்லு நிலத்தில் முட்டுகிற நேரம் சீட்டி அடிப்பது போல ஒரு சத்தம் வரும், வேகம் குறைந்துவிட்டது என்கிற எச்சரிக்கை, அந்த இடத்தில் அது வருவது வழமை. சொல்லாவிட்டால் குடல் வாய்க்கு வந்துவிடும். உங்களோடு வருகிற ஆளுக்கு இப்படி ஏதும் இருந்தால் முதல் நாளே வீட்டில் வைத்துக் கதையுங்கள், முதலில் பத்து நிமிசம் உள்ளூரிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

காசு. எங்கள் ஆட்களுக்குச் சும்மா ஏறிப் போகக் கூச்சம், ஹயர் மாதிரிக் கணக்குப் பார்த்துக் கூடுதலாகவே கையில் திணிப்பார்கள். அது அந்தப் பிள்ளையின் லைசன்சுக்கே ஆபத்து. தனியார் லைசன்சில் கூலிக்கு ஆள் ஏற்ற முடியாது என்பது அமெரிக்கச் சட்டம். எண்ணெய், பிளேன் வாடகை, இறங்குகிற இடத்துக் கட்டணம் போன்ற செலவுகளைப் பங்கு போடலாம், ஆனால் ஓடுகிறவர் தன் பங்கைத் தானே போட வேண்டும். நாலு பேர் போனால் கால்வாசி அவனுடையது. மிச்ச மரியாதையை ஊரில் இருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளில் காட்டுங்கள்.

சின்னச் சின்னதாய்ச் சில. உள்ளே கக்கூஸ் இல்லை, அதனால் விடிய இரண்டு கோப்பை தேத்தண்ணி வேண்டாம். வயிறு முட்டப் புட்டும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். நின்றுகொண்டிருக்கிற பிளேனின் முன் காற்றாடிக்குப் பக்கத்தில் போய் நின்று படம் எடுக்காதீர்கள், அது ஓடாமல் இருந்தாலும்தான், எப்போதும் செட்டைக்குப் பின்பக்கத்தால் வந்து ஏறுங்கள். முன் கதிரையில் இருந்தால் உங்கள் காலடியிலும் மிதிகள் இருக்கும், அதில் கால் வைக்கக்கூடாது. காதில் பூட்டுகிற ஹெட்செட்டில் நீங்கள் முணுமுணுப்பதெல்லாம் எல்லாருக்கும் கேட்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. தண்ணீருக்கு மேல் போகும்போது உயிர்காப்பு அங்கி தருவான், அதைப் பிளேனுக்குள் இருந்து ஊதவைக்காதீர்கள், வெளியே வந்த பிறகுதான். எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடும் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை, ஒரு கிலோமீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 9 கிலோமீற்றர் வழுக்கிக்கொண்டே போகும், அதற்காகத்தான் நீரிணைக்கு முன்னால் இன்னும் உயரத்துக்கு ஏறுவது. நீரிணைக்கு மேலால் போகிற, 1957 இல் திறந்த நீளமான தொங்குபாலம் கீழே நூல் மாதிரித் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் தானாகப் போய்விடும்.

கனடாவில் நிற்பவர்களுக்கு: ஸ்காபரோவில் இருந்து மகன் பிளேன் வைத்திருக்கிறான், ஒரு எட்டுப் போய் வரலாம் என்று நினைப்பீர்கள். கனடா விசா அமெரிக்காவுக்குச் செல்லாது, குட்டிப் பிளேன் என்றாலும் எல்லை எல்லைதான். உங்கள் விபரங்களை ஓடுகிறவர் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்னரே இணையத்தில் அனுப்ப வேண்டும், முதலில் சுங்கம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும், நேரே தீவில் போய்க் குதிக்க முடியாது. பாஸ்போட்டை அக்காவின் அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வருகிற ஆட்களும் உண்டு.

தீவில் இறங்கியதும் விடுகிற பிழை, கடைத்தெரு பக்கத்தில் இருக்கும் என்று நினைப்பது. ஓடுபாதை தீவின் நடுவில், மேட்டில், ஏரி மட்டத்தை விட 50 மீற்றர் அளவு உயரத்தில் கிடக்கிறது. கடைத்தெரு கரையில், இரண்டரைக் கிலோமீற்றருக்கும் கூடத் தள்ளி. குதிரை வண்டில் டாக்சி இருக்கிறது, ஆனால் அது குதிரை, ஓட்டோ மாதிரிக் கைகாட்டியவுடன் வந்து நிற்காது. போகும்போது இறக்கம், காட்டுக்குள்ளால் நடக்க நல்ல சுகம், நாங்கள் நடந்தோம். திரும்பி வரும்போது அதே வழி ஏற்றம் என்பதை யாரும் யோசிக்கவில்லை, அக்காவின் முழங்காலும் யோசிக்கவில்லை. பாட்டாச் செருப்போடு போகாதீர்கள், றோட்டில் குதிரைச் சாணி இருக்கும், அதை அள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்றாலும் குதிரை ஆட்களைப் பார்த்துக்கொண்டு போடாது. ஆடி மாதம் என்றாலும் ஒரு சுவெற்றர் கட்டாயம், ஏரிக் காற்று எங்களுக்குத் தாங்காது.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். கரையோரம் தீவைச் சுற்றி 13 கிலோமீற்றர் அளவுக்கு எம் 185 என்று ஒரு றோட்டு, அரசாங்க நெடுஞ்சாலைதான், ஆனால் மோட்டார் வாகனம் ஓடக்கூடாத நெடுஞ்சாலை. எண்ணெய்த் தடைக் காலத்தில் விசுவமடுவில் இருந்து கிளிநொச்சிக்கு மூட்டை கட்டி மிதித்த எனக்கு அது ஒன்றுமே இல்லை, கிறவல் இல்லாத சமதரை! மனுசி சாறியோடு ஏறுவேன் என்று நின்றாள், அது வேண்டாம். குதிரை வண்டிலுக்கு எப்போதும் வழி விடுங்கள், பின்னால் போய் மணி அடிக்காதீர்கள், தடவிப் பார்க்கவும் போகாதீர்கள். மாட்டுவண்டில் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும், அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கடைத்தெரு முழுக்க ஃபட்ஜ் வாசம். பளிங்கு மேசையில் ஊற்றிக் கிண்டி உருட்டுவார்கள், எங்கள் தொதலுக்குப் பால்மா போட்டது போல ஒரு இனிப்பு. அக்கா ஊருக்கெல்லாம் கொடுக்க என்று மூன்று கிலோ வாங்கினார். ஓடுபாதைக்கு வந்ததும் மருமகன் கேட்ட முதல் கேள்வி "அம்மா, பையில் எவ்வளவு?" என்பதுதான்.

அங்கே ஆடியில் பொழுது பட இரவு ஒன்பதரை ஆகும், ஆறரைக்கு இருளுகிற ஊரில் இருந்து போனவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றே தோன்றிக்கொண்டிருக்கும். பின்னேரங்களில் இடிமழை கட்டும். நாங்கள் நாலு மணிக்கு வெளிக்கிட இருந்து, தெற்கே கறுத்துக் கிடந்ததால் ஆறரை வரைக்கும் வாங்கில் குந்திக்கொண்டிருந்தோம். மழை விடாவிட்டால் என்ன செய்வது என்பதை விடியவே கதைத்து வைத்திருக்க வேண்டும்: பிளேனை அங்கேயே கட்டிவிட்டு படகில் கரைக்குப் போகலாம், இருபது நிமிசம்தான், அங்கே இருந்து வாடகைக் கார், அல்லது ஒரு இரவு தங்கல். மனுசியின் பிரசர்க் குளிசை டிற்றோயிற்றில் மேசையில் இருந்தது. ஒரு நாள் பயணம் என்றாலும் இரண்டு நாள் குளிசையைக் கைப்பையில் போடுங்கள், அது நிறையில் வராது.