பேஸ்மென்ட் வாடகையை நம்பி வீடு வாங்கும் முன்: ஒன்ராறியோவில் பல யூனிட் வீட்டுக்கு மோட்கேஜ் (வீட்டுக் கடன்)

ஸ்காபரோவிலோ பிரம்ரனிலோ வீடு பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது, "பேஸ்மென்ட் வாடகையே மோட்கேஜில் பாதியைக் கட்டிவிடும்" என்ற பேச்சுத்தான். குடியேறிய பிறகு அது நடக்கவும் கூடும். ஆனால் வங்கி கடனுக்குக் கணக்குப் பார்க்கும்போது, வீட்டில் எத்தனை குசினி இருக்கிறது என்பதை விட எத்தனை யூனிட்டுக்கு (தனியாகக் குடியிருக்கக்கூடிய பகுதிக்கு) நகரசபையின் அனுமதி இருக்கிறது என்பதற்கே பெறுமதி. முற்பணம், எண்ணப்படும் வாடகை, வீட்டுக் காப்புறுதி எல்லாம் அந்த எண்ணிக்கையில் தொங்குகின்றன.

நீங்களே ஒரு யூனிட்டில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் முற்பண விதி இப்படி: ஒன்று அல்லது இரண்டு யூனிட் வீட்டுக்கு முதல் 500,000 டொலருக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 10 சதவீதம். மூன்று, நான்கு யூனிட் என்றால் முழு விலைக்கும் 10 சதவீதம். விலை 15 லட்சம் டொலருக்குக் குறைவாக இருந்தால்தான் இந்தச் சலுகை; 2024 டிசம்பர் 15 வரை அந்த எல்லை 10 லட்சமாக இருந்தது. நீங்கள் குடியிருக்காமல் வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கினால் குறைந்தது 20 சதவீதம் வேண்டும். ஐந்து யூனிட்டிலிருந்து அது வணிகக் கடன். அங்கே விதிகளே வேறு.

950,000 டொலருக்கு ரொறன்ரோவில் இரண்டு யூனிட் வீடு ஒன்று என்று வையுங்கள். முற்பணம் 25,000 உடன் 45,000 சேர்த்து 70,000. கடன் 880,000. முற்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் மோட்கேஜ் காப்புறுதி (நீங்கள் கடனைக் கட்டாவிட்டால் வங்கியைக் காக்கும் காப்புறுதி) கட்டாயம்; இந்த அளவு முற்பணத்துக்கு அதன் கட்டணம் கடனில் 4 சதவீதம், அதாவது 35,200. அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். அதன் மேல் விழும் 8 சதவீத மாகாண வரியைச் சேர்க்க முடியாது. 2,816 டொலரை வீடு கைமாறும் நாளில் காசாகக் கட்ட வேண்டும். பலரும் கடைசி வாரத்தில்தான் இதைக் கேள்விப்படுகிறார்கள். முதல் வீடு வாங்குபவர் 30 வருடத் தவணை எடுத்தால் காப்புறுதிக் கட்டணம் இன்னும் 0.20 சதவீதம் ஏறும்.

காணி மாற்ற வரி இதில் சேராத தனிச் செலவு. இதே வீட்டுக்கு ஒன்ராறியோவுக்கு 15,475 டொலர், ரொறன்ரோ நகரசபைக்கு இன்னொரு 15,475. முதல் வீடு என்றால் மாகாணம் 4,000 வரையும் நகரசபை 4,475 வரையும் விட்டுக்கொடுக்கும். நம்மவர்கள் தவறுவது இந்த இடத்தில். "முதல் வீடு" என்றால் உலகில் எங்குமே உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதித் தந்த வீடு, சென்னையில் அண்ணனோடு கூட்டாக வாங்கிய பிளாட், எல்லாமே கணக்கில் வரும். கணவன் அல்லது மனைவி திருமணத்துக்குப் பிறகு வீட்டு உரிமையாளராக இருந்திருந்தாலும் சலுகை போய்விடும். சட்டத்தரணியிடம் இதை மறைக்க வேண்டாம். அது சத்தியப்பிரமாணம் செய்து பெறும் சலுகை.

இனி யூனிட் சட்டப்படியானதா என்ற கேள்வி. விளம்பரத்தில் "இன்-லோ சூட்" (உறவினர் தங்குவதற்கான பகுதி) என்று இருந்தால் அது அனுமதி பெற்ற யூனிட் என்று பொருள் ஆகாது. "பேஸ்மென்டின் றெற்றோஃபிற் நிலைக்கு விற்பவர் பொறுப்பேற்க மாட்டார்" என்ற வரியை (றெற்றோஃபிற் என்பது பழைய பேஸ்மென்டைப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றியமைப்பது) பார்த்தால், அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். கேட்க வேண்டியவை: நகரசபையின் கட்டட அனுமதி, அந்த அனுமதி இறுதிப் பரிசோதனையோடு மூடப்பட்டதற்கான பதிவு, தீயணைப்புப் பரிசோதனைக் கடிதம், மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிசோதனைச் சான்று. பிரம்ரனில் இரண்டாம் யூனிட்டை நகரசபையில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அனுமதி எடுத்து வேலை தொடங்கி, இறுதிப் பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடாமல் விட்ட பேஸ்மென்டுகள் நிறைய உண்டு. தாளைக் காட்டினால் மட்டும் நம்பிவிட வேண்டாம்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதே ஒரு அளவு நாடாவைக் கொண்டு போங்கள். இரண்டாம் யூனிட்டுக்குக் கூரை உயரம் குறைந்தது 1.95 மீற்றர் வேண்டும். தப்பி வெளியேறும் ஜன்னல் என்றால் திறக்கும் பரப்பு 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இரண்டு யூனிட்டுக்கும் இடையில் தீத்தடுப்புச் சுவர், கூரை, தானே மூடும் கதவு இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜன்னலைப் பெருப்பிக்கலாம். உயரம் போதவில்லை என்றால் தரையைத் தோண்ட வேண்டும். அந்தச் செலவு வீட்டுக் கணக்கையே மாற்றிவிடும்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத இரண்டாம் குசினியைக் குறித்து எழுதினால், வாடகை கணக்கிலிருந்து விழும். சில வங்கிகள் அடுப்பைக் கழற்றச் சொல்லும், சில கடனையே மறுக்கும். போட்டியில் வெல்வதற்காகக் கடன் நிபந்தனையை (வங்கிக் கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை) விட்டுக்கொடுத்து ஒப்பமிட்டவர், அப்போது வைப்புத்தொகையை இழக்கும் நிலைக்கு வருகிறார். வங்கி தந்த கடன் முன் அனுமதிக் கடிதம் உங்கள் வருமானத்தைப் பார்த்துத் தந்தது. வீட்டைப் பார்த்துத் தந்ததில்லை. பல யூனிட் வீட்டுக்கு ஐந்து வேலை நாள் கடன் நிபந்தனையாவது இல்லாமல் ஒப்பமிட வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வோம்.

வாடகையை எண்ணும் முறை வங்கிக்கு வங்கி வேறுபடும். பேஸ்மென்ட் 1,800 டொலர் என்றால் பல வங்கிகள் பாதியை, 900 டொலரை, எடுக்கும். அதை வருமானத்தில் சேர்த்தால், வீட்டுச் செலவு வருமானத்தில் 39 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிப்படி மாதம் 351 டொலர் தவணைக்குத்தான் இடம் கிடைக்கும். அதே 900ஐ வீட்டுச் செலவிலிருந்து கழிக்கும் வங்கியில் 900 டொலருக்கும் இடம் கிடைக்கும். நீங்கள் குடியிருக்கும் இரண்டு யூனிட் வீட்டில், சட்டப்படியான யூனிட்டின் முழு வாடகையையும் வருமானமாகச் சேர்க்க, மோட்கேஜ் காப்புறுதி தரும் அரச நிறுவனமான சி.எம்.எச்.சி.யின் விதி இடம் தருகிறது. வங்கி அதைப் பயன்படுத்துகிறதா என்பது வேறு. ஆகவே தரகரிடம் வட்டி வீதத்தைக் கேட்கும் முன், "வாடகையில் எத்தனை வீதம் எடுப்பீர்கள், சேர்ப்பீர்களா, கழிப்பீர்களா?" என்று கேளுங்கள். ஒப்பந்த வட்டியோடு 2 சதவீதம் கூட்டியோ 5.25 சதவீதத்திலோ, எது கூடவோ அதில் உங்களால் கட்ட முடியுமா என்றும் சோதிப்பார்கள்.

முற்பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 90 நாள் வங்கிக் கூற்று காட்ட வேண்டும். சீட்டு எடுத்த காசு, உண்டியலில் வந்த காசு, நண்பரிடம் வாங்கிய கைமாற்று எதற்கும் தடயம் இல்லாததால் வங்கி ஏற்காது. பெற்றோர், சகோதரர் தந்தால் திருப்பிக் கேட்க மாட்டோம் என்ற அன்பளிப்புக் கடிதம் வேண்டும். ஊரில் காணி விற்ற காசு என்றால் உறுதியின் பிரதியும் வங்கி வழியாக அனுப்பிய பற்றுச்சீட்டும் வையுங்கள். வீடு கைமாறும் செலவுக்கு விலையில் 1.5 சதவீதம் தனியாகக் கையில் இருப்பதையும் காட்டச் சொல்வார்கள். கனடாவில் கடன் வரலாறு குறைவு என்றால், 12 மாத வாடகை, தொலைபேசி, மின்சாரக் கட்டணப் பதிவுகளைச் சேர்த்து வையுங்கள்.

வெளிநாட்டவர் கனடாவில் வீடு வாங்குவதற்கான தடை நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்கு இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர், அனுமதியில் 183 நாளாவது மீதி இருந்தால் ஒரு வீடு வாங்கலாம்; ஆனால் ஒன்ராறியோவின் 25 சதவீத வெளிநாட்டவர் வரி அவரையும் தொடும். ரொறன்ரோ நகரசபை 2025 ஜனவரி 1 முதல் இன்னும் 10 சதவீதம் கேட்கிறது. நிரந்தர வதிவிடம் விரைவில் வரும் என்றால் காத்திருப்பதே நல்லது.

வாடகைக்காரர் இருக்கும் வீடு என்றால் அவரும் வீட்டோடு வருவார். அனுமதியில்லாத பேஸ்மென்டில் இருப்பவருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு உண்டு. பழைய வாடகையைப் பெரும்பாலும் உங்கள் விருப்பத்துக்கு உயர்த்த முடியாது. 2026க்கு உயர்வின் எல்லை 2.1 சதவீதம். நீங்கள் குடிவர அவர் வெளியேற வேண்டும் என்றால், விற்பவர் "N12" என்ற படிவத்தில் 60 நாள் முன்னறிவித்தலும் ஒரு மாத வாடகை இழப்பீடும் கொடுக்க வேண்டும். வாங்குபவருக்காக இப்படிக் கேட்பது மூன்று யூனிட் வரையுள்ள கட்டடத்தில்தான் முடியும். நான்கு யூனிட் என்றால் அந்த வழி இல்லை. முன்னறிவித்தல் கொடுத்தும் அவர் போகாவிட்டால் வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வேண்டும், அதற்கு மாதக் கணக்காகலாம். நீங்களோ குடியிருப்பதாகச் சொல்லித்தான் 5 சதவீத முற்பணத்தில் கடன் எடுத்திருப்பீர்கள். எனவே ஒப்பந்தத்தில் "வெறுமையாகக் கையளிக்க வேண்டும்" என்ற நிபந்தனையையும், தவறினால் என்ன செய்வது என்பதையும் சட்டத்தரணி எழுதிய பிறகே ஒப்பமிடுங்கள். அவர் தொடர்ந்து இருக்கப் போகிறார் என்றால், அவர் கட்டிய கடைசி மாத வாடகை வைப்பை விற்பவரிடமிருந்து கைமாறும் நாளிலேயே கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.