கடன் முடிந்த மறுமாதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறருடைய வீட்டுக் கணக்கைச் சரிபார்த்துத் தரும் வேலையில் இருப்பதால், கடைசித் தவணையைக் கட்டி முடித்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. கடனில் இருந்தபோது ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதியவர்கள், கடன் தீர்ந்த கையோடு கணக்கு நோட்டை மூடிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன் என்பதால், அதன் பின்விளைவுகள் எந்த வரிசையில் வந்து நிற்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வரவுக்கு மீறிச் செலவு செய்யக் கூடாது, ஆடம்பரம் ஆகாது என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடனை முழுதாக அடைத்து முடித்தவருக்கு அவை தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

கடைசித் தவணையோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

பணத்தைக் கட்டி முடிப்பது வேறு, கடன் கணக்கு முடித்துவைக்கப்படுவது வேறு. வட்டி ஏறிக்கொண்டிருந்த கிரெடிட் கார்டு நிலுவையை அடைக்கும்போது, பில் தயாரான நாளுக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த மாதப் பில்லில்தான் தலைகாட்டும். முழுத்தொகையும் கட்டியாயிற்று என்ற நிம்மதியில் அந்தப் பில்லைப் பிரித்தே பார்க்காதவர்கள், அற்பத் தொகைக்காகத் தாமதக் கட்டணமும் கடன் வரலாற்றில் ஒரு கறையும் வாங்கிக்கொள்கிறார்கள். எனவே நிலுவை ஏதுமில்லை என்பதை எழுத்தில் பெறுங்கள். அடமானமாகக் கொடுத்த மூலப் பத்திரங்களை, கொடுத்தபோது எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டுத் திரும்ப வாங்குங்கள். தவணைக்காக வங்கிக்குக் கொடுத்திருந்த உத்தரவு இன்னும் உயிரோடு இருந்தால் ரத்து செய்யுங்கள். ஓரிரு மாதம் கழித்து, நீங்கள் வாங்கிய கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் பதிவாகும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு முடிக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாகனக் கடனாக இருந்தால், காப்பீட்டுப் பத்திரத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் தொடர்ந்து இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்; அது நீக்கப்படாவிட்டால், விபத்துக்கான இழப்பீட்டைக் கேட்கப் போகும் நாளில்தான் சிக்கல் தெரியவரும்.

பெரும்பாலானோர் மறந்துவிடும் இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. கடன் வாங்கும்போது அதனுடன் இணைத்துத் தரப்படும் ஆயுள் காப்பீடு வழக்கமாகக் கடன் முடியும்போதே முடிந்துவிடும். தமக்குக் காப்பீடு இருப்பதாக நம்பிக்கொண்டே பல ஆண்டுகளைக் கழிப்பவர்கள் உண்டு. கெடுவுக்கு முன்பே அடைத்திருந்தால், கட்டிய பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமா என்று கேட்டும் பாருங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து தருவதில்லை.

கடன் தீர்ந்ததைக் கொண்டாடக் கடன் வாங்குவது

விளக்கம் தேவையில்லை.

தவணையிலிருந்து விடுபட்ட தொகையைச் சும்மா விட்டுவைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது. வாகனக் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்த ஒரு தம்பதி, அரையாண்டு கழித்து, சேமிப்பே நிற்கவில்லை என்று வங்கிக் கணக்கு அறிக்கையோடு வந்தார்கள். வரிவரியாகப் பார்த்தோம். மாதந்தோறும் 5ஆம் தேதி 10,000 கழிந்துகொண்டிருந்த வரி ஒரு மாதத்தில் நின்றுபோயிருந்தது. ஆனால் மாதக் கடைசியில் கணக்கில் மிஞ்சும் இருப்பு மட்டும் கடன் இருந்த காலத்தின் அளவைத் தாண்டவேயில்லை. பெரிய செலவு என்று சுட்டிக்காட்ட ஒன்றும் அகப்படவில்லை. பழுதில்லாத கைபேசியை மாற்றியதற்கு ஒரு சிறு தவணை, படம் பார்க்கும் சந்தா இரண்டு, கூடுதல் வேகமுள்ள இணைய இணைப்பு, முன்பு நடந்து போன இடங்களுக்கு வாடகைக் கார் என்று எல்லாம் சில்லறைச் செலவுகள். ஒவ்வொரு வரிக்கும் கணவர், “இது அவசியம்தானே” என்றார். “கடன் இருந்தபோது இது இல்லாமல்தானே இருந்தோம்” என்று மனைவி கேட்டதும் அவர் அறிக்கையை மடித்து வைத்துவிட்டார்.

அவர்கள் மீது குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஏற்பாட்டில்தான் ஓட்டை இருந்தது. கடன் காலத்தில் சம்பளம் வந்த சில நாட்களுக்குள், யாரையும் கேட்காமல், அந்தத் தொகை கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எஞ்சியதற்குள் குடும்பம் நடத்தப் பழகியிருந்தார்கள். கடன் முடிந்த அன்றே அந்த ஏற்பாடும் நின்றுவிட, எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்ற முடிவை இனி ஒவ்வொரு மாதமும் தாமாகவே எடுக்க வேண்டியதாயிற்று. மாதந்தோறும் முடிவெடுத்துச் சேமிப்பவர்கள் மிகவும் அரிது.

இந்தத் தவறின் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பலருக்கு உறைக்கிறது. மாதம் 10,000 வீதம் 60 மாதங்கள் கட்டத் தயாராக இருக்கும் ஒருவருக்கு, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கிடைக்கும் கடன் ஏறக்குறைய 4,49,500 மட்டுமே. அதே 10,000ஐ, அதே 60 மாதங்கள், ஆண்டுக்கு 6 சதவீத வட்டி மாதந்தோறும் கூடும் கணக்கில் போட்டு வந்தால் முடிவில் ஏறக்குறைய 6,97,700 சேர்ந்திருக்கும். கையிலிருந்து போகும் தொகை இரண்டிலும் 6,00,000தான். வரும் தொகையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வித்தியாசம். அந்தச் சேமிப்பை ஓராண்டு தள்ளித் தொடங்கி 48 மாதங்கள் மட்டும் போட்டவருக்கு அதே நாளில் கிடைப்பது ஏறக்குறைய 5,41,000. அதாவது, ‘கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்’ என்று விட்ட அந்த ஓராண்டு, போடாத 1,20,000த்தோடு நிற்காமல் இன்னும் 36,000க்கு மேல் வட்டியையும் கொண்டுபோய்விடுகிறது.

செய்ய வேண்டியது ஒரே வேலை. கடைசித் தவணை கழிவதற்கு முன்பே, அதே தேதியில், அதே தொகை, செலவுக்கான டெபிட் கார்டு இல்லாத வேறொரு கணக்குக்குத் தானாகவே செல்லும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள், ஏனெனில் கூடுதல் பணத்தின் ருசியைக் கண்ட பிறகு குறைத்துக்கொள்வது கடினம். பல ஆண்டு வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்ந்தவரிடம் முழுத்தொகையையும் சேமி என்பது நியாயமாகப் படவில்லை என்றால், பத்தில் ஒரு பங்கை, அதிகம் போனால் இரண்டு பங்கை, விருப்பச் செலவுக்கு ஒதுக்கி, மீதியை அனுப்புங்கள்.

கடன் முடிந்த சில வாரங்களில் “உங்களுக்குப் புதுக் கடன் தயாராக இருக்கிறது” என்று அழைப்பு வரும். அது உங்களுக்கான வெகுமதி இல்லை. அந்தத் தொகையைத் தவறாமல் கட்டக்கூடியவர் என்று கடன் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தொகைக்கு இப்போது வேறு வேலை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். நிலையான உத்தரவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு, அந்தத் தொகை என்னிடம் இல்லை என்று உண்மையாகவே பதில் சொல்ல முடியும்.

முதல் சேமிப்பையே பூட்டிவைப்பது

கடன் தீர்ந்த உற்சாகத்தில் அத்தனையையும் நீண்டகாலத் திட்டத்தில் போட்டுவிட்டு, அடுத்த மருத்துவச் செலவுக்குக் கிரெடிட் கார்டை நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார்டு நிலுவையின் வட்டி, திட்டம் தரும் வட்டியைப் போல் பல மடங்காக இருப்பது சாதாரணம். வாடகை, உணவு, மருந்து, பள்ளிக் கட்டணம் போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை தாங்கும் தொகை, கேட்ட உடன் எடுக்கக்கூடிய இடத்தில் சேரும்வரை வேறு எதிலும் பணத்தைப் போட வேண்டாம். நிலையற்ற வருமானம் உள்ளவர்களுக்கு ஆறு மாதமும் போதாது.

எல்லாக் கார்டுகளையும் ஒரே நாளில் வெட்டி எறிவது

பழைய கார்டை மூடினால் உங்களுக்குள்ள மொத்த வரம்பு குறைந்து, அதில் பயன்படுத்தும் விகிதம் கூடிவிடும். கடன் கொடுப்பவர்கள் உங்களை எடைபோடப் பார்க்கும் கடன் மதிப்பெண் இறங்க அது ஒரு காரணம் ஆகலாம். ஆனாலும், கார்டு கையில் இருந்தால் தேய்க்காமல் இருக்க முடியாது என்று தெரிந்தவர்கள் வெட்டியே விடட்டும். மதிப்பெண் மெதுவாக ஏறிக்கொள்ளும்.

இழந்த ஆண்டுகளை ஒரே மூச்சில் ஈடுகட்டத் துடிப்பது

வட்டி கட்டியே கழிந்த ஆண்டுகளை நினைத்துக் குமைபவர்கள், வேகமாகப் பெருக்கித் தருவதாகச் சொல்பவரிடம் எளிதில் சிக்குகிறார்கள். 72 என்ற எண்ணை ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். 1494இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி எழுதிவைத்த கணக்கு இது. 6 சதவீதத்தில் 12 ஆண்டுகள், 9 சதவீதத்தில் 8 ஆண்டுகள். மூன்று ஆண்டுகளில் இரட்டிப்பு என்பவர், ஆண்டுக்குச் சுமார் 24 சதவீதம் தருவதாகச் சொல்கிறார் என்பது இந்த வகுத்தலில் தெரிந்துவிடும். அவ்வளவு தொகை எங்கிருந்து வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். அதிக வட்டிக் கடனை அடைத்தபோது உங்களுக்கு மிச்சமான வட்டியே, இழப்புக்கு இடமில்லாமல் நீங்கள் பெறக்கூடிய பெரிய வருமானமாக இருந்தது. அந்த அளவு வருமானத்தை இனி எந்த முதலீட்டிலும் உத்தரவாதத்தோடு எதிர்பார்க்க முடியாது.

பிறர் கடனுக்கு ஜாமீன் போடுவது

உங்களுக்குக் கடன் இல்லை என்று தெரிந்தவுடன் கேட்பார்கள். வாங்கியவர் கட்டத் தவறினால் மீதித் தொகை உங்களிடம் வசூலிக்கப்படும்; ஆகவே அதை உங்கள் பெயரிலுள்ள கடனாகவே நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு பேனாவை எடுங்கள்.