உறைநிலத்தில் தார் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

குறைந்தது 2 ஆண்டுகளாவது தொடர்ந்து 0 டிகிரியைத் தாண்டாமல் கிடக்கும் நிலத்தைத்தான் பெர்மாஃப்ரோஸ்ட் என்கிறோம். அதன் மேல் ஓடும் சரளைச் சாலைக்குத் தார் போடலாமா? தார் கறுப்பு, வெயிலை உறிஞ்சும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஈரம் ஆவியாகும்போது மண்ணிலிருந்து கொண்டுபோகும் வெப்பம் இருக்கிறதே, தார் மூடிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆண்டு முழுவதும் 0-க்கு மேல் போன நாட்களின் காற்று வெப்பநிலைச் சராசரிகளைத் தனியாகவும், கீழே போன நாட்களுடையதைத் தனியாகவும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு வெப்பம் 1500, குளிர் 2500 என்று வையுங்கள். பாசி மூடிய நிலத்தில் கோடை வெப்பத்தில் பாதிதான் தரைக்குப் போகும், பனிப்போர்வையால் குளிரிலும் பாதிதான்: 750-க்கு எதிரே 1250, குளிர் ஜெயிக்கிறது. தார் மேல் கோடையை 1.8-ஆல் பெருக்குங்கள், 2700. குளிர்காலத்தில் பனியை வழித்துவிடுவதால் 0.9, அதாவது 2250. இப்போது வெப்பம் முந்திவிட்டது, அடியில் உறைநிலம் உருகும்! இந்தப் பெருக்கு எண்கள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் இடத்தில் அளந்துதான் போட வேண்டும்.

பலர் மண்ணின் வெப்பநிலையைச் சாலை நடுவில் மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. வழித்த பனியெல்லாம் சாலையைத் தாங்கும் மண்கரையின் சரிவில்தான் குவிகிறது, அது கம்பளி மாதிரி மண்ணைப் போர்த்தி குளிரை உள்ளே விடாது. தார் விளிம்பை ஒட்டி, சாலையோடு நீளமாக வெடிப்பு ஓடுவது பெரும்பாலும் அதனால்தான். அதனால் தெர்மிஸ்டர் கம்பியை (மண்ணுக்குள் வெப்பநிலை அளக்கும் உணரிகள் கோத்த கம்பி) நடுவில் ஒன்று, சரிவின் அடியில் ஒன்று என இறக்குங்கள். கோடை முடிந்து உருகல் மிக ஆழமாக இருக்கும்போது ஒரு தடவை, குளிர்கால முடிவில் ஒரு தடவை பாருங்கள். மேலே குளிரில் உறைந்த மண்ணுக்கும் கீழே உள்ள பெர்மாஃப்ரோஸ்டுக்கும் இடையில் உறையாத அடுக்கு ஒன்று தங்கிவிட்டால் தார் வேலையை நிறுத்துங்கள்.

வெப்பத்தைத் தடுக்கும் பாலிஸ்டைரின் நுரைப் பலகை உருகலைத் தள்ளிப்போடும், நிலத்தைக் குளிர்விக்காது. குளிர்விக்க வேண்டுமென்றால் பெரிய கல் அடுக்கு. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று கல் இடுக்கில் இறங்கிச் சூட்டை மேலே தள்ளும், கோடையில் அந்த ஓட்டம் அநேகமாக நின்றுபோகும். 2006-ல் திறந்த சிங்ஹாய் திபெத் ரயில் பாதையில் இதையும் தெர்மோசைபன் குழாய்களையும் (குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தைத் தானாக வெளியேற்றும் மூடிய குழாய்கள்) வைத்திருக்கிறார்கள். அப்புறம், கரையடியில் குட்டை தேங்கியிருந்தால் முதலில் அதை வடியவிடுங்கள்.