உதைபந்தாட்ட அணியைக் கையேற்கும் ஆசிரியருக்கு

இந்தத் தவணையோடு எனக்கு இடமாற்றம். விளையாட்டறைச் சாவி, மூன்று பந்துகள், பதினேழு ஜெர்சிகள் ஆகியவற்றோடு அணியும் உங்கள் கைக்கு வருகிறது. நான் கணிதம் படிப்பிப்பவள். ஆறு வருடங்களுக்கு முன் உடற்கல்வி ஆசிரியர் மாறிப் போனபோது, "கொஞ்ச நாளைக்குப் பாருங்கள் ரீச்சர்" என்று அதிபர் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இப்போதுதான் முடிகிறது. ஆகவே யாரை எங்கே நிறுத்துவது, பந்தை எப்படிக் கடத்துவது என்பதையெல்லாம் இதில் தேடாதீர்கள். அதற்குப் பயிற்றுநர் இருக்கிறார். பகலில் தச்சுப் பட்டறை, மூன்றரைக்கு மைதானம். தலைமயிரில் மரத்தூளோடு வருவார், ஆனால் நேரம் தப்பமாட்டார். அவருடைய வேலையில் தலையிடாதீர்கள். உங்கள் வேலை எண்ணுவது.

முதலில் ஏழு என்ற எண்ணை மனதில் வையுங்கள். ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது என்பது விதி. என் முதல் வருடத்தில் பதினெட்டுப் பெயர் கொடுத்துவிட்டு எட்டுப் பேரோடு மைதானத்தில் நின்றேன். மூவர் வேளாண்மை வெட்டுக்குப் போயிருந்தார்கள், நால்வருக்கு ரியூசனில் பரீட்சை, ஒருவனுக்குக் காய்ச்சல், இருவர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். எட்டுப் பேரும் ஓடி ஓடி ஆறு கோல் வாங்கினோம். ஒருவர்கூட நல்ல காரணமில்லாமல் வராமல் இருக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. எல்லாக் காரணமும் ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கக்கூடியவை, காய்ச்சலையும் பஸ்ஸையும் தவிர.

அதனால் ஜனவரியில் ஒரு கொப்பி வாங்கி, மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். போட்டித் திகதிகளைக் கடைசியில் எழுதலாம். முதலில் ஊரின், அதாவது மட்டக்களப்பின், திகதிகளை எழுதுங்கள். ஜனவரியில் மைதானத்தில் மழைத்தண்ணீர் நிற்கும். பிள்ளைகளைக் கல்லடிக் கடற்கரை மணலில் ஓடவிட்டால் போதும். பெப்ரவரி, மார்ச் பெரும்போக அறுவடை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு வாரம் வயலில் நிற்பார்கள். அதற்காக ஏசாதீர்கள்; அந்தக் கூலியில்தான் சிலர் சப்பாத்து வாங்குகிறார்கள். காத்தான்குடி, ஏறாவூர்ப் பாடசாலைகளோடு சிநேகபூர்வ ஆட்டம் பேசுவதானால் நோன்பு மாதத்தைத் தவிர்த்துப் பேசுங்கள். நோன்பு வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் என்னுடைய பழைய கொப்பியைப் பார்த்து எழுதிவிட வேண்டாம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள் இரண்டையும் பென்சிலால் குறியுங்கள். அண்மைக் காலத்தில் அந்தத் திகதிகள் தள்ளித் தள்ளிப் போய்ப் பட்ட பாட்டை நீங்களும் அறிவீர்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிடும். சடங்கை முடித்துவைக்கும் குளிர்த்திக்கு முன் எந்தப் பிள்ளையையும் எதிர்பார்க்காதீர்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அன்று ஆட்டம் வைத்தால் பந்தும் நீங்களும்தான் நிற்பீர்கள். தீ மிதிக்கும் பிள்ளைகளைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்புக் கட்டிவிட்டால் தீ மிதிக்கும்வரை அவர்கள் கோயிலிலேயே தங்குவார்கள். ஒருமுறை எங்கள் இடதுபின் காவலன் தீ மிதித்த மூன்றாம் நாள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தான். "அம்மாளாச்சி காப்பாற்றினா, ஒன்றுமில்லை ரீச்சர்" என்றான். ஓட்டமும் சரியாகத்தான் இருந்தது. பந்தைப் பக்கத்துக் காலால் நிறுத்தாமல் ஒவ்வொரு முறையும் சுற்றி வந்து மற்றக் காலால் நிறுத்துவதைப் பார்த்துத்தான் இருத்திக் காலுறையைக் கழற்றினேன். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு கொப்புளம், உடைந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் உரிக்க வேண்டியிருந்தது. அவன் முகத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது. அம்மனைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பான். தீ மிதிப்பு முடிந்து பத்து நாளைக்குப் பெயர் போடாதீர்கள். காரணத்தை மற்றவர்கள் முன் சொல்லவும் வேண்டாம்.

அடுத்தது கடதாசி வேலை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயரும் பாடசாலை இடாப்பில் உள்ள பெயரும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று முதல் தவணையிலேயே பாருங்கள். வயதுப் பிரிவுக்கான எல்லைத் திகதியை அந்த வருடச் சுற்றறிக்கையில் பார்த்தே எழுதுங்கள். இதில் சொல்வதற்கு வேறொன்றுமில்லை. செய்யாவிட்டால்தான் நிறைய இருக்கும்.

பந்து. ஐந்தாம் அளவுப் பந்து ஆட்டத் தொடக்கத்தில் 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும். மழையில் ஊறிய, தோல் உரிந்த எங்கள் பழைய பந்தைச் சந்திக் கடைத் தராசில் வைத்தேன், 500ஐத் தாண்டியது. அதைத் தலையால் முட்டவைத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. அன்றே அது ஓய்வு பெற்றது. உங்களுக்கு வரும் மூன்றும் நல்ல பந்துகள். காற்றடிக்கும் ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராகச் செருகுங்கள். உலர்ந்த ஊசி உள்ளே இருக்கும் வால்வைக் கிழிக்கும், சரித்துக் குத்தினால் ஊசி முறியும். மேசை லாச்சியில் நான்கு ஊசிகள் வைத்திருக்கிறேன். யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். ஊசி இரவல் போனால் திரும்பி வருவதில்லை.

வலய மட்டப் போட்டி பெரும்பாலும், தோற்ற அணி வெளியேறும் விலகல் முறையில் நடக்கும். கணக்கு எளிது. பதினாறு அணிகள் வந்தால் எட்டு அணிகளுக்கு முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். மாகாணம், தேசியம் என்று கனவு காணுங்கள், தப்பில்லை. ஆனால் ஐந்து மாதம் வெயிலில் ஓடிய பிள்ளைக்கு ஒரே ஓர் ஆட்டம் என்பது அநியாயம். ஆகவே வலயப் போட்டிக்கு முன் குறைந்தது எட்டுச் சிநேகபூர்வ ஆட்டங்களைப் பேசிவையுங்கள். அவற்றில் பதினெட்டுப் பேரும் இறங்க வேண்டும். வாங்கில் மட்டும் இருந்த பிள்ளைதான் அடுத்த வருடம் ரியூசனைச் சாட்டி நின்றுவிடுகிறான். கொப்பியில் யார் எத்தனை நிமிடம் ஆடினான் என்று எழுதியிருக்கிறேன். அதைத் தொடருங்கள். பயிற்றுநர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஆட்ட நாள். வெபர் மைதானம் என்றால் பிள்ளைகள் நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த அருட்தந்தை வெபரின் பெயர் கொண்ட இடம் அது. அங்கே ஆடுவது அவர்களுக்குப் பெருமை. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். பிள்ளைக்குத் தாகமில்லை என்றால் நம்பாதீர்கள். ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூளைப் பொதியில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோங்கள்; இடைவேளையில் அதுவும் தோடம்பழத் துண்டும். சாப்பாடு மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒருவன் தாய் கட்டிக்கொடுத்த பிட்டுப் பொதியை வான் வண்டிக்குள் அவிழ்த்து, இரண்டாம் பாதியில் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் முழுவதையும் திருப்பித் தந்தான்.

சங்கிலி, மோதிரம், கைவளையம் எதுவும் இருக்கக்கூடாது. பிளாஸ்டர் ஒட்டி மறைப்பதும் விதிக்கு ஆகாது. மத்தியஸ்தர் பார்க்கும் முன் நீங்களே பார்த்து வாங்கி, பெயர் எழுதிய கடித உறையில் போடுங்கள். நான் வெறுமனே கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனதால், இரவு பத்து மணிக்கு ஒரு தாயார் தொலைபேசியில் அழுதிருக்கிறார்.

ஓஃப்சைட் உங்களுக்கும் விளங்காவிட்டால் கேத்திர கணிதமாகப் பாருங்கள். எதிரணியில் கோல் கோட்டுக்குக் கிட்ட நிற்பவர்களில் இரண்டாமவரூடாக, அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாக ஒரு கோடு. பந்தூடாக இன்னொன்று. எதிரணியின் பாதியில், பந்து தட்டப்படும் கணத்தில், இரண்டு கோட்டையும் தாண்டி நிற்பவன் ஓஃப்சைட் நிலையில் நிற்கிறான். தரம் 10 பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். சமாந்தரக் கோடுகள் பாடத்தை அதற்குப் பிறகு யாரும் வெறுக்கவில்லை.

தோற்றுவிட்டால் திரும்பும் வான் வண்டியில் எதுவும் பேசாதீர்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது எவனாவது ஒருவன் தானாகவே சிரிக்கத் தொடங்குவான். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருங்கள்.

கடைசி ஆட்டம் முடிந்த கையோடு ஜெர்சிகளை எண்ணி வாங்கிவிடுங்கள். துவைத்துத் தருகிறோம் என்பார்கள். வேண்டாம், வியர்வையோடே வாங்குங்கள். நான் இந்த முறை இரங்கிவிட்டேன், அதுதான் பதினேழு. ஏழாம் இலக்கம் கொக்கட்டிச்சோலையில் இருக்கிறது. கேட்கப் போனால் தாயாரிடம் கேளுங்கள். மகனிடம் கேட்டால், அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டே, "தேடிப் பார்க்கிறேன் ரீச்சர்" என்பான்.