பத்து வருடக் கணக்கை ஒரே ராத்திரியில் பார்க்காதீர்கள்

சொந்த வீடு, பிள்ளையின் படிப்பு, அரசு வேலை, பாதியில் விட்ட டிகிரி, ஐம்பது வயதுக்குள் கடனை முடிப்பது. இப்படிப் பல வருடம் பிடிக்கும் ஆசைகள் எல்லோருக்கும் உண்டு. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதும் எல்லோரும் செய்வதுதான். பார்க்கிற விதத்தில்தான் கோளாறு. கணக்குப் பார்க்க உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் மேலேயே தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். "ஒண்ணும் கிழிக்கல" என்று ஒரு வரி. மனசு நன்றாக இருக்கும் நாளென்றால் "பரவால்ல, ஓடுது". இரண்டில் எதைச் சொன்னாலும் அடுத்த வருடம் என்ன செய்வது என்று தெரியாது.

முதலில் தேதி. டிசம்பர் 31 இரவு பாண்டிச்சேரி பீச் ரோட்டில் நிற்க இடம் இருக்காது. காந்தி சிலைப் பக்கம் நிற்கும் கூட்டத்தில் பலர் மனதுக்குள் ஏதாவது ஒரு சபதம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சபதம் எடுக்க அது நல்ல நாள்தான். புது வாரம், புது மாதம், புது வருடம் பிறக்கும்போது மக்கள் ஜிம்முக்குப் போவது கூடுகிறது என்று 2014-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வே காட்டியது. ஆனால் தொடங்குவதற்கு நல்ல நாள் என்பதால் நடந்ததை அளக்கவும் அதுவே நல்ல நாள் ஆகிவிடாது. அதுவும் நம் கடலூர், புதுவைப் பக்கத்தில் டிசம்பர் லேசான மாதமா என்ன? சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. புயல் இல்லாத வருடத்திலும் மழையில் வியாபாரம் படுத்திருக்கும், துணி காயாது, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கும். அந்த மனநிலையில் பத்து வருடத்தை எடை போட்டால் எல்லாமே குறைவாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு தொழிலுக்கும் சொந்தமாக ஒரு வருடம் இருக்கிறது. அது முடிகிற இடத்தில் பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு ஏப்ரல் சரியாக வரும். சம்பா போடுகிறவருக்கு நெல் விற்று, காசு கைக்கு வந்து, கூலி பாக்கி எல்லாம் தீர்ந்த பிறகு. ஆசிரியருக்கு மே. விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகுக்கும் வலைக்கும் வேலை பார்க்கிற அந்த 61 நாளில் ஒரு மாலையை இதற்கும் ஒதுக்கலாம்.

ஞாபகத்தை நம்பி உட்காருவது

இருக்கிற தவறுகளில் இதுதான் பெரியது என்பது என் கட்சி. ஐந்து வருடம் முன்பு என்ன நினைத்தோம், எதற்காக அந்த முடிவை எடுத்தோம் என்பது நமக்குச் சரியாக ஞாபகம் இருப்பதில்லை. இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு இருந்தவரைத் திட்டுகிறோம். "அந்த மனையை அப்பவே வாங்கிப் போட்டிருக்கலாம்" என்கிறவர், அப்போது கையில் எவ்வளவு இருந்தது, எத்தனை பேருக்குக் கடன் பாக்கி இருந்தது என்பதை மறந்துவிட்டுத்தான் சொல்கிறார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ரங்கப்பிள்ளை வீதி தெரியும். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபார இடைத்தரகராகவும், இருந்த ஆனந்த ரங்கப்பிள்ளை 1736-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761-ல் இறக்கும் காலம் வரை எழுதினார். சரித்திரம் படிக்கிறவர்கள் அதைக் கொண்டாட நூறு காரணம் இருக்கிறது. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: முடிவு என்னவென்று தெரியாத நிலையில் அன்றன்றைக்கு எழுதியது அது. 1748-ல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பிப் போனார்கள். திரும்பிப் போவார்கள் என்று முற்றுகைக்கு நடுவில் எழுதிக்கொண்டிருந்தவருக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தால், "எனக்கு அப்பவே தெரியும்" என்று அவரும் எழுதியிருப்பார். மனித சுபாவம்.

நாம் அவரைப் போலப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும். உதாரணத்துக்கு, திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்குத் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சொந்தக் கடைக்குப் போக வேண்டும், கூட நாலு பேரை வேலைக்கு வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நோட்டில் இப்படி இருக்கும்:

ஏப்ரல்: யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது. சீட்டு 5,000 கட்டியாச்சு.
ஜூலை: ஓவர்லாக் மெஷின் வாங்கலாம்னு இருந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தள்ளிப் போட்டாச்சு.
செப்டம்பர்: கூட ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். காஜா, ஹெம்மிங் அவள் பொறுப்பு.
டிசம்பர்: மழை. கரண்ட் இல்லை. பத்து நாள் கடை திறக்கவில்லை. சீட்டை மட்டும் விடவில்லை.

நோட்டு இல்லாமல் ஜனவரியில் கேட்டால் "இந்த வருஷமும் மெஷின் வாங்கல" என்பார். கடைசியாக நடந்ததும் நடக்காமல் போனதும்தான் மனதில் முன்னால் வந்து நிற்கும். நோட்டைப் புரட்டினால், சீட்டு ஒரு மாதம்கூடத் தவறவில்லை, கடைக்கு இரண்டாவது ஆள் வந்துவிட்டாள், மெஷின் தள்ளிப்போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று தெரியும். அதே நோட்டு கசப்பானதையும் காட்டும். அடுத்த வருடம் ஜூலையிலும் "தள்ளிப் போட்டாச்சு" என்று இருந்து, பக்கத்தில் காரணம் எதுவும் எழுதப்படவில்லை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இது என் அபிப்பிராயம் மட்டும் கிடையாது. ஏறக்குறைய 20,000 பேர் பங்கெடுத்த 138 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த உளவியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட முடிவு: முன்னேற்றத்தை அடிக்கடி கவனிக்க வைத்தபோது இலக்கை எட்டுவது கூடியது. கவனித்ததை எழுதிவைத்தபோதும், இன்னொருவருக்குத் தெரியப்படுத்தியபோதும் பலன் இன்னும் அதிகம்.

மூட்டையை எண்ணுவது

தானே புயலில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பிள்ளைகளுக்கு என்று வளர்த்து வைத்திருந்த தோப்புகள் ஒரே காலையில் விறகாகிவிட்டன. அப்புறம் மறுபடி நட்டார்கள். ஒட்டு முந்திரி மூன்றாம் வருடம் காய்ப்புக்கு வரும். ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி மகசூல் கிடைக்க ஏழெட்டு வருடம் ஆகும். 2012-ல் நட்டவர் 2015-ல் மூட்டையை எண்ணித் தன்னை மதிப்பிட்டிருந்தால் தோற்றவர்தான். அந்த வருடத்தில் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளே வேறு. பட்டுப்போன கன்றுக்குப் பதில் கன்று வைத்தோமா? கவாத்து செய்தோமா? தேயிலைக் கொசுவுக்கு நேரத்தில் மருந்து அடித்தோமா? நடுவில் போட்ட மல்லாட்டை (நிலக்கடலை) வீட்டுச் செலவுக்குக் கை கொடுத்ததா?

நெடுநாள் ஆசைகளில் பலன் வருவது கடைசியில்தான். நடுவில் எடுத்துப் பார்ப்பவர், அந்த வருடத்துக்கு உரிய வேலை நடந்ததா என்றுதான் பார்க்க முடியும். நோட்டில் புயலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். மரம் விழுந்தது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் எப்போது விழுந்தது, மறுபடி நட எத்தனை மாதம் ஆனது என்பது கணக்கில் இருக்க வேண்டும்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பவருக்கும் இப்படித்தான். குரூப் 4-ல் இந்தத் தடவை எத்தனை இடம், கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. 200 கேள்வியில் 100 தமிழ் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த நூறில் போன ஆறு மாதத்தில் தனக்கு எத்தனை தப்பு குறைந்திருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இதில் எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். "நான் படிச்சேன், ரிசல்ட் என் கையிலயா இருக்கு?" என்று வருடக்கணக்கில் ஓட்டுவது. தொடர்ந்து மாதிரித் தேர்வு எழுதியும் மார்க் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிப்பதால் அது நகராது. படிக்கிற முறையை மாற்ற வேண்டும்.

பணத்தை இலக்காக வைத்தவர்கள் இன்னொரு இடத்தில் வழுக்குவார்கள். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 12 வருடத்தில் இரண்டு மடங்கு. வீட்டுக்கு 25 லட்சம் என்று 12 வருடம் முன்பு குறித்து வைத்தவர், இன்று 18 லட்சத்தைச் சேர்த்துவிட்டு முக்கால் கிணறு தாண்டியாச்சு என்று நினைப்பார். அதே வீட்டுக்கு இப்போது 50 லட்சம் வேண்டும். பாதிகூட ஆகவில்லை. தொகையை அழித்துவிட்டு, என்ன வேண்டும் என்பதை மட்டும் விட்டுவைத்து, இன்றைய விலையை விசாரித்து எழுதுங்கள்.

பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டு ஓய்ந்துவிடுவதும் ஒரு வியாதி. எடை குறைக்க முயன்றவர்களை வைத்து 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், "இலக்கை நெருங்கிவிட்டோம்" என்று உணரவைக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் ஆப்பிளை விட்டுவிட்டுச் சாக்லேட்டை எடுத்தார்கள். இன்னும் தூரம் இருக்கிறது என்று உணர்ந்தவர்களில் அப்படி எடுத்தவர்கள் 58 சதவீதம். அதனால் முடிந்ததை எழுதிய கையோடு மிச்சம் இருப்பதையும் எழுதிவிட வேண்டும்.

அடுத்தவர் கணக்கில் நம்மைப் பார்ப்பது

ஒப்பிடாதே என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். புதுச்சேரியில் இதற்குத் தனிக் காரம் உண்டு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர். ஒருவர் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை, பேரன் பாரிஸில். இன்னொருவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். நாற்பது வயதில் இருவரும் அடுத்தடுத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சூப்பர்வைசர் மட்டும் வீட்டுக்கு வந்து தூங்காமல் புரண்டால் அது என்ன கணக்கு? தொடங்கிய இடமே வேறு. ஒப்பிட்டே தீருவேன் என்றால், உங்களைப் போலவே தொடங்கி உங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் இருப்பவரைத் தேடிப் பிடித்து, எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். அதில் ஒரு டீச் செலவுக்கு மேல் நஷ்டமில்லை.

செத்த ஆசையைச் சுமப்பது

இருபத்தி நாலு வயதில் எழுதிய பட்டியலை முப்பத்தி ஒன்பதில் அப்படியே வைத்துக்கொண்டு, "இதில் மூன்று நடக்கவில்லை" என்று வருந்துகிறவர்கள் நிறைய. அந்த மூன்றும் இன்னும் வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், எல்லா வயதினரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: போன பத்து வருடத்தில் நிறைய மாறிவிட்டேன், வரும் பத்து வருடத்தில் அவ்வளவு மாற மாட்டேன். நாற்பது வயதுக்காரரும் அப்படித்தான் சொன்னார், அறுபது வயதுக்காரரும் அப்படித்தான். இன்று நாம் எழுதும் இலக்கு, நம் கணிப்பில் இல்லாத ஒரு ஆளுக்காக எழுதப்படுகிறது.

நெய்வேலியில் வேலை என்பது அப்பாவின் ஆசையாக இருந்திருக்கலாம். அதை இன்னும் உங்கள் தோல்விப் பட்டியலில் வைத்திருக்க வேண்டுமா? விட்டுவிடலாம். ஆனால் விடுவதற்கும் நேரம் இருக்கிறது. தேர்வில் தோற்ற வாரம், வியாபாரம் அடிபட்ட மாதம், வீட்டில் சண்டை போட்ட ராத்திரி, இப்படிப்பட்ட நேரங்களில் எந்த ஆசையையும் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து, தலை தெளிவாக இருக்கும் ஒரு காலையில் அதே கேள்விக்குறி அப்படியே நின்றால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்து "ஏன் விட்டேன்" என்று அதையே பிடித்துக்கொண்டு அழுவீர்கள்.

கடைசியாக, கல்யாணமானவர்களுக்கு. வீட்டின் பத்து வருடத் திட்டம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும், இன்னொருவருக்கு அது செலவு வரும்போதுதான் தெரியும். "என்னங்க, நாம மனை வாங்கணும்னு எப்ப முடிவு பண்ணோம்?" என்ற கேள்வி பத்திர ஆபீஸ் வாசலில் வரக் கூடாது. இருவரும் தனித்தனித் தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், இந்த வருடம் என்ன நடந்தது, என்ன பாக்கி, எது இனி வேண்டாம் என்று எழுதிவிட்டுத் தாளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒத்துப்போகிற வரிகளை விட்டுவிடுங்கள், அவற்றில் பேச ஒன்றுமில்லை. ஒத்துப்போகாத இடத்தில் பேச்சை ஆரம்பியுங்கள். முதல் வருடம் கொஞ்சம் சத்தம் எழும். பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது.